எந்தக் கோயில் என்று கேட்காதவர்கள்

ஜொகூர் பாரு
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய நாகம்மை அத்தைக்கு,

சாருமதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். உடம்பளவில் நலம். தேவகோட்டையில் மழை பிடித்துவிட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நிச்சயம் முடிந்து ஜொகூரிலிருந்து போன இடத்தில், உங்கள் தங்கை வீட்டு மாடிப்படியில் அதிகம் ஏறி இறங்காதீர்கள்.

உங்கள் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கடிதம் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் கைப்பேசியைச் சரண் தன் மடிக்கணினியோடு இணைத்து வைத்திருக்கிறார். உங்களுக்கு வருவதெல்லாம் அவர் கண்ணிலும் படும். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், பக்கத்தில் உங்கள் தங்கை இருப்பார். இது உங்களுக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். கிழிக்காமல் வைத்திருந்தாலும் சரி. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கல்யாண வேலை. கல்யாணத்தைப் பதிந்துகொண்டு கோயிலிலிருந்து மாலை அனுப்பக் கேட்டு அப்பச்சி கடிதம் எழுதிவிட்டார். இன்னும் அனுப்பவில்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன். மண்டபத்துக்காரர் பந்தி எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி வைத்திருக்கிறார்.

நம் ஒன்பது கோயிலில் எங்களுடையது வைரவன் கோயில், உங்களுடையது நேமம். ஒரே கோயில் என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை, பேச்சே கிடையாது. வேறு கோயில் என்றால் கேள்வியே கிடையாது. நம் செட்டியார் ஆட்கள் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்கூட எந்த ஊர், யார் வீடு, எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்பார்கள். சிங்கப்பூர்ப் பேருந்து வரிசையில் சரணோடு முதன்முதலில் பேசிய அன்றும் அப்படித்தான். நான்தான் விளையாட்டாகக் கேட்டேன். நேமம் என்றார். அப்பாடா என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அது யாருடையது என்று புரியவில்லை.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

நான் என் அப்பச்சி உலகப்பனின் மகள். அவர் ரத்தம் இல்லை. என் பெற்றோருக்கு நெடுநாள் குழந்தை இல்லை. குறை அப்பச்சியிடம். இங்கே அப்போது ஒரு டாக்டர் இருந்தார். முகம் தெரியாத ஒருவர் தானமாகக் கொடுத்த விந்தணுவை வைத்து என்னை உண்டாக்கினார்கள். இந்த வாக்கியத்தைத் தமிழில் இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். எழுதியபின் அது அத்தனை பயங்கரமாகத் தெரியவில்லை. நீங்கள் படிக்கும்போது எப்படித் தெரியும்?

எனக்கு இது தெரியவந்தது தற்செயலாக. நான் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுக் கடைசி விருந்தில் ஆளுக்கொரு மரபணுச் சோதனைப் பெட்டி கொடுத்தார்கள். குழாயில் துப்பி அனுப்பினால் உன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று படம் வரைந்து அனுப்புவார்கள். எனக்குத்தான் தெரியுமே, காரைக்குடிப் பக்கம் என்று சிரித்துக்கொண்டே துப்பினேன். வந்த பதிலில் படத்துக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. அபர்ணா, மெல்பர்ன். பாதி உடன்பிறந்தவள்.

அம்மாவிடம் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் காய்வரை நறுக்கி முடித்துவிட்டு, ஆமாம் என்றார்.

இதெல்லாம் சரணைச் சந்திக்கும் முன்பு நடந்தது.

அபர்ணாவுக்குப் பிறகு ரூபேந்திரன் வந்தான். கோத்தா திங்கியில் இருக்கிறான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடிப்பது அவன் வேலை. அப்பா அம்மா தோட்டத்து ஆட்கள். என்னைவிடச் சில மாதம் இளையவன். முதல் போனிலேயே, “அக்கா, நான் வீட்டுக்கு ஒத்தப் புள்ள. எனக்குப் பொண்ணு கேட்டுப் போக ஒரு அக்கா தங்கச்சி இல்லையேன்னு எங்கம்மா அழுவாங்க. இப்பப் பாருங்க, லோரி நெறைய வரப்போறீங்க லா” என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

பிறகு குளுவாங்கில் ஒருவர். மூவாரில் இரட்டையர். சிங்கப்பூரில் சிலர். எல்லோரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். பதினொன்று ஆனபோது ரூபேந்திரன் அதில் எழுதினான்: “ஃபுட்பால் டீம் ஃபுல். இனி வர்றவங்க ரிசர்வ்.” பதினான்கு ஆனபோது அவனும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு பெண் குழுவை விட்டுப் போய்விட்டாள். அவள் கணவருக்கும் மரபணுப் பெட்டி வாங்கியிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். பதில் என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இவர்கள் துப்பியவர்கள். துப்பாதவர்கள் எத்தனை பேர்? என் வேலையே இப்படிப்பட்ட கணக்கைப் போடுவதுதான். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு விபத்து, எத்தனை பேருக்கு வியாதி. இந்தக் கணக்கை மட்டும் என்னால் போட முடியவில்லை. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் பேருந்து நிற்கும்போது என் வயதுத் தமிழ் முகங்களைப் பார்க்கிறேன். என் மோவாய் ஏறுகிறது. என் புருவம் இறங்குகிறது.

ஏன் இத்தனை பேர் என்று அம்மாவைத் துளைத்தேன். மெதுவாகச் சொன்னார். டாக்டரிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். நம்மவராக இருக்க வேண்டும். தமிழர் என்றால் போதாதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். போதாது என்றிருக்கிறார் அம்மா. “உங்களுக்கு அதிர்ஷ்டம், உங்க ஆளு ஒருத்தரு இருக்காரு, படிக்கிற பையன்” என்று டாக்டர் சிரித்தாராம்.

யோசித்துப் பாருங்கள் அத்தை. இங்கே நாம் எத்தனை குடும்பம்? கொடுக்க முன்வந்த தமிழ்ப் பையன்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் நம்மவர் ஒரே ஒருவர். ரூபேந்திரனின் அம்மா யாராக இருந்தாலும் சரி என்றார், அவருக்கும் அந்தப் பையனுடையதையே கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள், ஆச்சிமார், நம்மவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். வெளி ரத்தம் கலக்கக் கூடாது என்று கேட்டதால் நாங்கள் எல்லோரும் ஒருவருக்குப் பிறந்தோம். வளர்ந்தபின், வெளியே கட்டக் கூடாது என்று எங்களுக்குள்ளேயே எங்களுக்கு வரன் பார்க்கிறார்கள்.

இதை ரூபேந்திரனிடம் சொன்னபோது, “நீங்க செட்டியாருங்க கோயில் கேக்கறீங்க. இனிமே கிளினிக்கும் கேக்கணும் போலக்கா” என்றான்.

அந்தப் படிக்கிற பையனிடம், அவர் கொடுத்ததை எத்தனை பேருக்கு வைத்தோம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அபர்ணா அவரைத் தேடுகிறாள். எனக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. டாக்டர் இறந்துவிட்டார். கிளினிக் இருந்த கடைவீட்டில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று சொல்லும் சட்டம் அன்றைக்கு ஒன்றும் இருந்ததில்லை என்கிறார்கள்.

சரணிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நிச்சயம் முடியட்டும், அந்த வாரமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நிச்சயத்தன்று எல்லோரும் போன பிறகு, அம்மா என் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டே சொன்னார். அந்தக் கிளினிக்கில் ஒருநாள் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தாராம். காதுத் தோட்டைப் பார்த்ததும் நம்மவர் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். வெகுநேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று இவரும் கேட்கவில்லை. எந்தக் கோயில் என்று அவரும் கேட்கவில்லை. நம் ஆச்சிமார் இருவர் அப்படி உட்கார்ந்து கேட்காமல் எழுந்து போனது அம்மா வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அதனால்தான் முகம் மறக்கவில்லை என்றார்.

பெண் பார்க்க வந்த அன்றே அது நீங்கள்தானோ என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அம்மா தவறாக நினைத்திருக்கலாம். முகம் வேறு யாருடையதாகவோ இருக்கலாம். நீங்களே ஆனாலும் வேறு ஏதாவது வைத்தியத்துக்குப் போயிருக்கலாம். அங்கே எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. நானே இப்படி எல்லாம் எழுதி அடித்து எழுதுகிறேன்.

அத்தை, சரணும் அங்கே பிறந்தவரா?

அவரிடம் நான் கேட்கலாம். நீங்களும் துப்புங்கள் என்று ஒரு பெட்டியை நீட்டலாம். ஆனால் அவர் தன் அப்பச்சியை, மாமாவை, இழந்து இன்னும் முதல் திதிகூட வரவில்லை. தும்மினால்கூட “அப்பச்சி தும்மல்” என்று பெருமையாகச் சொல்கிற பிள்ளை அவர். மூன்று முறை, கடைசியில் ஒரு கூச்சல். மாமாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ என்னவோ. அந்தத் தும்மலை அவரிடமிருந்து நான் எப்படிப் பிடுங்குவேன்? இது உங்கள் வீட்டுச் செய்தி. சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. எனக்கு மட்டும் ஒரு சொல் போதும்.

என்னைப் பற்றிச் சொன்னதால் நீங்கள் என்னை வேண்டாம் என்று நினைக்கலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதினேன். இந்த நேரத்தில் உங்கள் ஆசியைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்காமல் கடிதத்தை முடிக்கவும் தெரியவில்லை.

வணக்கத்துடன்,
சாருமதி


ஜொகூர் பாரு
கார்த்திகை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் போன் செய்தபோது, கடிதம் கிடைத்துவிட்டது என்று உங்கள் குரலிலேயே தெரிந்தது. கூரைப்புடவை மாம்பழக் கலரா அரக்கா என்று கேட்டீர்கள். அரக்கு என்றேன். அங்க மழை பலமா என்றீர்கள். கோத்தா திங்கிப் பக்கம் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். “அலமாக், ஒவ்வொரு வருசமும் இதே பாடுதான்” என்று இந்த ஊர்ப் பேச்சிலேயே அலுத்துக்கொண்டீர்கள். சாப்பிட்டியாம்மா என்று கேட்டீர்கள். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டீர்கள். வைப்பதற்கு முன் மூன்றாவது முறை கேட்டீர்கள். நான் மூன்று முறையும் ஆச்சு என்றேன். உண்மையில் சாப்பிடவில்லை.

உங்கள் தங்கை பக்கத்தில் இருந்திருப்பார். அதனால் பேச முடியவில்லை. அல்லது பேச ஒன்றும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை என்றால், பைத்தியமா உனக்கு என்று திட்டியிருப்பீர்களே. திட்டவில்லை. ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் எதற்குத் திட்ட வேண்டும் என்று விட்டிருக்கலாம். இப்படியே பேருந்தில் போகிறேன், வருகிறேன்.

உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. போன வாரம் அப்பச்சியோடு பொந்தியான் போனேன். அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவரின் வரிக்கணக்கு வேலை. திரும்பும் வழியில் பெக்கான் நானாஸில் காரை நிறுத்தி அன்னாசி வாங்கினார். கடைக்காரப் பெண் இரண்டு துண்டு நறுக்கி உப்பு தடவிக் கொடுத்தாள். அப்பச்சிக்குச் சர்க்கரை. ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். பிறகு அதையும் என்னிடம் நீட்டி, “நீ சாப்புடு. என் சக்கர ஒனக்கு வராதும்மா. அது ஒண்ணு நல்லது” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையில் லாரி போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அம்மா சொல்லியிருப்பார். அல்லது நான் அவரைப் பார்க்கிற விதம் மாறியிருக்கும். மாறியதா? நான் கவனமாகத்தான் இருந்தேன்.

காரில் ஏறியபின் மாலைக்கு எழுதியதை அனுப்பிவிடவா என்று கேட்டார். நாளைக்கு என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, “பொண்ணுக்கு அப்பன் யாருன்னு எழுதணும் அதுல. நான் எம்பேரத்தான் எழுதியிருக்கேன்” என்றார். ஆமாம் அப்பச்சி, வேறு யார் பேரை எழுதுவது என்றேன். அவர் வானொலியைப் போட்டார். வீடு வரும்வரை யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வைரவன் கோயில் என்று என்னை எண்ணினால் அதிலும் தவறு இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நம் பெரியவர்கள் எதற்காக வைத்தார்கள்? அண்ணனும் தங்கையும் தெரியாமல் சேர்ந்துவிடக் கூடாது என்றுதானே. கேள்வி அப்படியே இருக்கிறது. பதில்தான் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது.

ரூபேந்திரன் ஒரு வழி சொன்னான். சரண் என் காரில் தண்ணீர்ப் போத்தலை மறந்து விட்டுப் போயிருந்தார். பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லிவிட்டேன். “அந்தப் போத்தல் போதும்க்கா. எடுத்துக் குடுங்க. ரிசல்ட் வந்துரும், யாருக்கும் தெரியாது லா” என்றான். இரண்டு நாள் அந்தப் போத்தல் என் அறையில் இருந்தது. என் எல்லாக் கேள்விக்கும் பதில் அதன் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சமையலறையில் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கழுவியெல்லாம் குடுக்கிற, மாமியார் வந்தா ரொம்ப மெச்சுவாங்க என்று கிண்டல் செய்தார்.

ஏன் கழுவினேன்? அவருக்குத் தெரியாமல் அவரைத் திறந்து பார்க்கக் கூடாது என்று ரூபேந்திரனிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதி, ஆமாம் என்று வந்துவிடுமோ என்ற பயம். இல்லை என்று வந்தால் அதை நம்பாமல் போவேனோ என்ற பயம்கூட.

நிச்சயத்தன்று படம் எடுத்தவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா? ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, ஜோடி சூப்பர் என்று. நீங்கள் உடனே எழுந்து எனக்குத் திருஷ்டி கழித்தீர்கள். அப்போது நன்றாக இருந்தது. இப்போது அந்தப் படங்களை நான் பார்ப்பதில்லை. சரண் என் கையைப் பிடித்தால் விலக்கிக்கொள்கிறேன். குளிர்கிறது என்கிறேன். ஜொகூரில் யாருக்குக் குளிரும்? அவரும் பாவம், பேருந்தின் ஏசியைக் குறைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் சண்டை போடுகிறார்.

ஒரு வரி எழுதுங்கள் அத்தை. நீங்கள் எழுதுவதை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். அம்மாவுக்குக்கூட.

உங்களை நம்பி இருக்கும்,
சாருமதி


ஜொகூர் பாரு
மார்கழி

அத்தைக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு எந்த உறவில் எழுதுகிறேன் என்று தெரியாததால், பழகிய சொல்லையே மேலே போட்டிருக்கிறேன்.

நீங்கள் அப்பச்சியிடம் பேசியதை அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தேவகோட்டையில் பெரிய ஜோசியர் ஒருவரிடம் மறுபடியும் ஜாதகத்தைக் காட்டினீர்களாம், தோஷம் இருக்கிறதாம், மீறிச் செய்தால் பையன் உயிருக்கு ஆகாதாம். மன்னிச்சிருங்க, புள்ளய நான் எழக்க முடியாது என்று அழுதீர்களாம். அப்பச்சி சரி ஆச்சி, சரி ஆச்சி என்று மட்டும் சொன்னாராம். இங்கே பார்த்த ஜோசியர் பொருத்தம் எட்டு என்று எழுதிக் கொடுத்தது பூஜை அறையில்தான் இருக்கிறது. அதை யாரும் எடுத்துவரவில்லை.

அப்பச்சி உள்ளே போனதும் அம்மா என்னைப் பார்த்து, “பதில் வந்துருச்சுடி” என்றார். உங்களால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, அதனால் ஜோசியரைச் சொல்லவைத்தீர்கள் என்பது அம்மாவின் எண்ணம். அப்பச்சி அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, “நம்ம விசயம் தெரிஞ்சுபோச்சு, அந்தம்மா ஒதுங்கிட்டாங்க. அவங்களக் குத்தஞ்சொல்ல முடியாது. எனக்குத்தான் ஒன்னப் பாக்க முடியல” என்றார். அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ரூபேந்திரன் மூன்றாவதாக ஒன்று சொன்னான். “ஒருவேள ஜோசியரு உண்மையாவே சொல்லியிருந்தா?” சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு.

நான் எதை நம்புவது? நான் உங்கள் மகனின் தங்கை என்பதால் நிறுத்தினீர்களா? யாருக்குப் பிறந்தாளோ, இவள் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று நிறுத்தினீர்களா? முதலாவது என்றால் உங்கள் காலில் விழ வேண்டும். இரண்டாவது என்றால் உங்கள்மேல் கோபப்பட வேண்டும். இரண்டையும் செய்து பார்த்தேன். எதுவும் பாதிக்கு மேல் போகவில்லை.

ஆனால் ஜாதகத்தால் சரணை நிறுத்த முடியவில்லை, அத்தை. அதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு மேலே கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். வந்தவுடன், “அம்மாவோட ஜோசியரா என்னக் கட்டிக்கப் போறாரு? மாலையும் வேணாம், மண்டபமும் வேணாம். ரிஜிஸ்டர் பண்ணிரலாம். நாள் கேட்டுட்டேன்” என்றார். அம்மா பிறகு தானாக வழிக்கு வருவார் என்றார். என் முகத்தைப் பார்த்து, என்ன, குளிருதா என்றார்.

அவரோடு இருக்கும்போது முன்பே எங்கேயோ பழகியது போல இருக்கும். சண்டை போடும் முன்பே சமாதானம் எப்படி வரும் என்று தெரியும். அதைத்தான் நான் காதல் என்று வைத்திருந்தேன். இப்போதும் அதற்கு வேறு பெயர் தெரியாது. அங்கே நின்றுகொண்டு மூன்று பதில்களை யோசித்தேன். உண்மையைச் சொல்வது. சரி என்று சொல்லிக் கூடப் போவது. மூன்றாவதைச் சொன்னேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். எதுக்கு என்றார். ஜாதகத்துக்கு என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “நீயா? யூனிவர்சிட்டில கணக்குப் படிச்ச நீயா?” என்றார். ஆமாம் என்றேன். உங்க உயிருக்கு ஆகாதுன்னு சொல்றாங்க, என்னால் முடியாது என்றேன். அவர் காரின் கூரைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். “இவ்ளோ கோழைய நான் பாத்ததே இல்ல சாரு” என்றார். அப்புறம் போய்விட்டார். அவர் காரை எடுத்துப் போகவில்லை. நடந்தே போனார். மறுநாள் வந்து எடுத்திருக்க வேண்டும்.

ஆக, உங்கள் ஜோசியருக்குச் சாட்சி சொன்னது நான்தான். சரணுக்கு மாமா இன்னும் அப்பச்சிதான். உங்களிடம் அவருக்குக் கோபம் இருக்கும், கேள்வி இருக்காது. கோபம் தணிந்துவிடும். என்மேல் இருப்பது தணியுமா தெரியவில்லை. தணியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்.

நான் செய்தது சரியா? அவர் என் அண்ணன் இல்லை என்றால், ஒருவரை வீணாக நோகடித்தேன். அண்ணன் என்றால், அண்ணனை நோகடித்தேன். அவரிடம் கேட்காமல் அவருக்காக முடிவெடுத்தேன். அந்த டாக்டரும் இதைத்தானே செய்தார்? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன்.

இனி நான் உங்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுதல்.

கொஞ்ச காலம் போனதும் அவருக்கு மறுபடியும் பெண் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் மூவார் என்பார்கள், சிங்கப்பூர் என்பார்கள், ஜொகூரிலேயே நல்ல குடும்பம் என்பார்கள். நீங்களும் போய்ப் பார்ப்பீர்கள். பெண் நன்றாகப் படித்திருப்பாள். கோயில் வேறாக இருக்கும். சரணுக்கும் அவளைப் பார்த்தவுடனே பிடித்துவிடும், எப்போதோ பழகியவள் போல இருக்கும். அங்கேதான் எனக்குப் பயம். எங்களில் பதினான்கு பேருக்குத்தான் தாங்கள் யார் என்று தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் அம்மா உங்களைப் போலவே வாய் திறக்காதவராக இருக்கலாம்.

அதனால் இந்தப் பக்கம் பார்க்காதீர்கள். பினாங்கில் பாருங்கள். தேவகோட்டையிலேயே பாருங்கள். நம்மவராகத்தான் இருக்க வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். சரணுக்கும் வேண்டாம். தூரத்துப் பெண், நல்ல பெண் என்றால் போதும்.

அப்படி ஒன்றுமே இல்லை, நீங்கள் அந்தக் கிளினிக் படியையே மிதித்ததில்லை என்றால், இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றும். சிரிப்பு வந்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்னைப் பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். அன்றைக்கே போய் அவர் முன்னால் நிற்பேன்.

சிரிப்பு வரவில்லை என்றால் எதுவும் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நன்றாக இருக்கட்டும். தூரத்தில் மட்டும் பாருங்கள், அத்தை.

சாருமதி